மறு: 'ஏரோ பொசிஷன்' – குனிநிலையா, ஒடுங்குநிலையா?

வணக்கம் நண்பர்களே,

டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிளுக்கான தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் மற்ற சொற்கள் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன. காற்றுத்தடை குறையும்படி சைக்கிளில் உட்காரும் விதமான 'ஏரோ பொசிஷன்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

> காற்றியக்க நிலை என்றே வைத்துவிடலாம். நேரடியான சொல், குழப்பமில்லை.

குழப்பம் இருக்கிறது ஐயா. நிமிர்ந்து உட்கார்ந்து பால்காரர் ஓட்டினாலும் அதுவும் ஏதோ ஒரு காற்றியக்க நிலைதான். 'ஏரோ' என்ற துண்டுக்குக் 'காற்றுத்தடை குறைந்த' என்ற பொருள் சைக்கிள்காரர்களின் பேச்சில் ஏறிவிட்டது. 'காற்றியக்க' என்பதற்கு அது தானாக வந்து ஒட்டாது.

> குனிநிலை அல்லது தாழ்நிலை. பார்த்தவுடன் புரிகிறது.

இதற்குத்தான் ஆதரவு அதிகம். என் மறுப்பும் இதற்குத்தான் அதிகம். புதிதாக ஏரோபார் (முன்கைகளை ஊன்றி முன்னால் நீட்டிப் பிடிக்கும் கைப்பிடி) மாட்டுகிறவர்கள் பலரும் முதலில் செய்வது ஹேண்டில்பாரை முடிந்த மட்டும் கீழே இறக்குவது. முதுகு தாழும், சரி. ஆனால் பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை முட்டும், இடுப்பு மடங்கும் கோணம் சுருங்கும், காலின் திறன் குறையும். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்துத் தலை தானாக மேலே வந்துவிடும். அத்தனை குனிந்தும் தலை காற்றில் நிற்கிறது! நெடுந்தூர டிரையத்லானான அயர்ன்மேன் போட்டியில் சைக்கிள் மட்டும் 180 கிலோமீட்டர்; இறங்கியதும் முழு மாரத்தான் ஓட வேண்டும். பத்து நிமிடம் தாங்கும் குனிவால் அங்கே பயனில்லை.

அதனால்தான் சீட்டை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். சாலைப் பந்தய சைக்கிளில் சீட் குழாயின் சாய்வு 73 பாகை அளவில் இருக்கும். டிரையத்லான் சைக்கிளில் 76 முதல் 80 வரை போகும். உடம்பு மொத்தமும் பெடல் அச்சைச் சுற்றி முன்பக்கம் சுழல்வதால், முதுகு தாழ்ந்தாலும் இடுப்புக் கோணம் திறந்தே இருக்கிறது. மேலுடம்பின் எடையை உள்ளங்கைக்குப் பதில் முன்கை எலும்பு வாங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது நுணுக்கமான வேலை: முழங்கைகளை நெருக்குவது, தோள்களைக் குறுக்குவது, தலையை அவற்றுக்கு நடுவே இறக்குவது. கைகளின் நுனியைச் சற்று மேலே ஏற்றி, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. அதைத் 'தாழ்நிலை' என்று எப்படிச் சொல்வது?

1989 தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இதற்கு நல்ல சான்று. கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம் (ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரத்தைக் கணக்கிடுவது). லோரான் ஃபினியோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். கிரெக் லெமாண்ட் ஏரோபாரில் முன்கைகளைச் சேர்த்து வைத்து ஓட்டி, மொத்தத்தில் 8 வினாடியில் தொடரையே வென்றார். ஃபினியோனும் குனிந்துதான் ஓட்டினார். கைகள் மட்டும் அகன்றிருந்தன. (லெமாண்டுக்குக் கூர்ந்த ஹெல்மெட், ஃபினியோனுக்குக் குடுமி. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தான்.) அந்த ஏரோபாரை வடிவமைத்த பூன் லெனன் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர். லெமாண்டுக்கு முன்பே டிரையத்லான்காரர்கள் அதை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் பரிந்துரை 'ஒடுங்குநிலை'. மழைக்குச் சுவரோரம் ஒடுங்கி நிற்கும்போது தோளும் கையும் தலையும் என்ன செய்கின்றனவோ, அதேதான் இங்கும். வினையாகவும் கைகொடுக்கும்: 'ஒடுங்கி ஓட்டு' என்று பயிற்சியாளர் கத்தலாம். 'ஒடுக்கம்' என்று சுருக்கிவிட வேண்டாம். அது வேதியியலில் ஆக்ஸிஜனேற்றத்துக்கு நேரெதிரான வினைக்குப் போய்விட்டது.

> ஆமைநிலை?

தலையை உள்ளிழுப்பதற்குப் பொருத்தம்தான். பந்தயத்துக்குப் போகிறவரிடம் 'ஆமைநிலையில் ஓட்டுங்கள்' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது 'சிடிஏ'. வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் தடைக்கெழுவையும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் முன்பரப்பையும் பெருக்கினால் வரும் சதுர மீட்டர் அளவு. 'இழுவைப்பரப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் இழுத்துக் கட்டிய இழையில் இருக்கும் 'இழுவை' என்பது வேறு விசை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதே விசைக்கு இழுவிசை என்று பெயர். இரண்டு பக்கமும் மோதும். 'தடைப்பரப்பு' யாரோடும் மோதாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டால், தடைப்பரப்பு 0.32 உள்ளவர் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 263 வாட் கொடுக்க வேண்டும். 0.24 ஆனால் 198 வாட் போதும். இப்படி எண்ணோடு எழுதும்போது சொல் வாக்கியத்தில் சரியாக உட்கார்கிறதா என்று பாருங்கள்; எனக்கு உட்கார்கிறது.

'ஏரோபார்' அப்படியே இருக்கட்டும். கடையில் போய்க் கேட்க வேண்டிய பொருள் அது. முன்கை வைக்கும் மெத்தைக்கு மட்டும் 'முன்கைத்தாங்கி' போடலாம்.

ஒன்று பாக்கி. ஏரோபார் இல்லாமல் சாதா ஹேண்டில்பார் மேலேயே முன்கையைக் கிடத்தி ஓட்டுவதைச் சாலைப் பந்தயங்களில் 2021 ஏப்ரலில் பன்னாட்டு சைக்கிள் சங்கம் தடை செய்தது. தனியோட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. விதிகளைத் தமிழில் எழுதினால் ஒடுங்குநிலைக்கும் இதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இதற்கு 'முன்கைக்கிடத்தல்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை. மாற்று இருந்தால் அனுப்புங்கள்.

பட்டியலுக்கான வரைவு:

ஒடுங்குநிலை (பெ.): முன்கைகளைத் தாங்கிகளில் ஊன்றி, முழங்கை, தோள், தலை ஆகியவற்றைக் குறுக்கித் தடைப்பரப்பைக் குறைத்து, நெடுநேரம் சைக்கிள் ஓட்டும் உடல்நிலை.

'உடல்நிலை' என்றால் காய்ச்சல், சளி என்று தோன்றுமோ? 'உடல் அமைவு' என்று மாற்றலாமா, சொல்லுங்கள்.