தாத்தா காணி (குடும்பம் மட்டும்)

காலை 6:12
சின்ன மாமா: 📷 படம்
சின்ன மாமா: இராத்திரி யாரோ வந்து கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரத்தின் நுனியில் ஆறடி அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டித்வா புயல் விழுத்தினது விழுத்தினபடி இன்னும் எத்தனை நாளைக்குக் கிடக்கும்? இன்றைக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

செல்வி சித்தி: ஐயோ
செல்வி சித்தி: பலா?

சின்ன மாமா: இருக்கு. தொடவில்லை.

அம்மா: அம்மா வைத்த மரம். யார் தொட்டாலும் கை விளங்காது.

சின்ன மாமா: மில்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 தருகிறாராம். லொறியும் அவரே.

குமார் அண்ணன் கட்டார்: 60 ஆயிரமா??
குமார் அண்ணன் கட்டார்: பலா மட்டுமே அதற்கு மேலே போகும் மாமா. சும்மா இருங்க

காலை 6:40
பெரிய மாமா: அனைவருக்கும் காலை வணக்கம். அவசரப்பட்டு யாரும் மில்காரரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. விழுந்த மரம்தானே என்று லொறியில் ஏற்றினால் நடுரோட்டில் பொலிஸ் பெர்மிட் கேட்கும். ஆகவே கிராம சேவகரிடம் படத்துடன் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத்தான் பலாவில் கை வைக்க வேண்டும். இன்னொன்று. 1873இலேயே ஐந்தாயிரம் அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான்.

பிரியா அக்கா: மாமா நம்ம காணி ஹல்துமுல்லைக்குக் கீழே 😄 மூவாயிரம் அடி வந்தாலே பெரிசு

பெரிய மாமா: பொது அறிவுக்குச் சொன்னேன் அம்மா.

செல்வி சித்தி: பாட்டி திதிக்கு எத்தனை பேர்? உளுந்து இப்பவே வாங்க வேண்டும்

நான்: சித்தி அதற்கு முன்னால் உட்கார இடம் வேண்டுமே. வைகாசியில் காற்று ஆரம்பித்துவிடும். முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டால் நிற்காது.

குமார் அண்ணன் கட்டார்: அதைத்தான் சொல்ல வந்தேன். மரத்தை விற்காதீங்க. அங்கேயே அறுத்து ஒரு கொட்டகை போடுங்க. தகரம் ஏற்கெனவே இருக்கே

அம்மா: நல்ல யோசனை

சின்ன மாமா: யார் அறுக்கிறது

குமார் அண்ணன் கட்டார்: நீங்கதான் மாமா 😁 செயின்சோ சும்மா தூங்குது

பெரிய மாமா: 2019இல் செயின்சோ எல்லாம் பொலிஸில் பதியச் சொன்னார்களே, அந்தத் துண்டு இருக்கிறதா?

சந்திரா அத்தை: அரிசி டின்னுக்குள்ளே இருக்கு. போன மாதமும் கேட்டீர்கள்.

காலை 7:25
குமார் அண்ணன் கட்டார்: மாமா கவனமாக வாசிங்க. கிடக்கிற மரத்தை வேர்ப்பக்கம் எடுத்தவுடன் அறுக்கக் கூடாது. வேர்க்கட்டை மண்ணோடு புரண்டு நிற்கிறது இல்லையா, தண்டு விட்டவுடன் அது படக்கென்று எழும்பிக் குழிக்குள்ளே உட்கார்ந்துவிடும். பின்னால் பிள்ளைகளோ நாயோ நின்றால் முடிந்தது. வேரோடு நாலைந்து அடி விட்டுத்தான் அறுக்க வேண்டும்.

சின்ன மாமா: தெரியும்

குமார் அண்ணன் கட்டார்: அப்புறம் செயின். இருக்கிற செயின் குறுக்கே வெட்டுகிறது, பல் 30 பாகை. நெடுக்கே பலகை அறுக்க 10 பாகைக்கு அரம் போட வேண்டும். இல்லையென்றால் மெஷின் சூடாகிப் புகையும். மரத்து மேலே நேரான பலகை ஒன்றை ஆணி அடித்து, அதை ஒட்டி முதல் வெட்டு. முதல் வெட்டு கோணினால் கடைசிப் பலகை வரை கோணல். ஒரு லீட்டர் பெற்றோலுக்கு 20 மில்லி டூ-டி ஒயில். போன தடவை போல ஊற்றாதீங்க

சின்ன மாமா: போன தடவை உன் அப்பா ஊற்றினது

பிரியா அக்கா: 🤐

செல்வி சித்தி: *பலமுறை அனுப்பப்பட்டது* நாளை மறுதினம் மீண்டும் பாரிய புயல், அனைவருக்கும் பகிரவும்

நான்: சித்தி இது பொய். வானிலைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வி சித்தி: அப்படியா. நான் கோழிக்கூட்டுக்குக் கல் எல்லாம் ஏற்றிவிட்டேன்
செல்வி சித்தி: 📷 படம்

பெரிய மாமா: புயல் பொய்யாக இருக்கட்டும். மண்சரிவு பொய் இல்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லுக்கு மேலே மண்ணை வெட்டி மட்டம் பண்ணிக் கொட்டகை போடக் கூடாது. அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கவும் கூடாது, அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. வேர் புரண்ட குழியில் தண்ணீர் தேங்க விடாமல் ஒரு கான் வெட்டிவிட வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு ஏதும் தெரிகிறதா?

சின்ன மாமா: வெடிப்பு இல்லை. குழியில் தவளை இருக்கு.

நான்: 😂

சின்ன மாமா: மேட்டில் போடவில்லை. கீழே பழைய மாட்டுப்பட்டி இருந்த மட்டத்தில் போடுவோம். அங்கே எதையும் வெட்டத் தேவையில்லை.

அம்மா: அது என் பங்கு

பெரிய மாமா: பங்கு இன்னும் பிரிக்கவில்லை தங்கச்சி.

அம்மா: காணி உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. காணி வாங்கும்போது தாத்தா ஈபிஎப் காசு பாதி, மீதி என் தோடு. இதை நான் எழுதத்தான் வேண்டுமா?

பிரியா அக்கா: அம்மா பேரனுக்கு ஓலெவல் முடிவு எப்ப வருமாம்?

காலை 8:10
குமார் அண்ணன் கட்டார்: சரி அளவு சொல்கிறேன். 12 அடி நீளம், 8 அடி அகலம், ஒரு பக்கச் சரிவு. பத்தடித் தகரம் ஆறு போதும். சமைக்கிற பக்கம் இறக்கினால் இன்னும் இரண்டு. மொத்தம் எட்டு. நம்மிடம் ஒன்பது இருக்கணும். தூணுக்குக் கருப்பந்தைலம், சட்டத்துக்குச் சவுக்கு (சில்வர் ஓக்). தூணை மண்ணில் புதைக்காதீங்க, கறையான் வந்துவிடும். கல் மேலே நிற்கட்டும்

சின்ன மாமா: காற்றுக்கு?

குமார் அண்ணன் கட்டார்: கல்லுக்குள்ளே கம்பி விட்டுத் தூணோடு கட்டுங்க. தகரத்தையும் சட்டத்தோடு கம்பியால் இறுக்குங்க. ஆணியை நம்பாதீங்க

சந்திரா அத்தை: சவுக்குத் தூள் பட்டால் இவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுத்தான் அறுக்க வேண்டும். வீட்டுக்குள்ளே அதோடு வரக் கூடாது.

பெரிய மாமா: பச்சைப் பலகை வளையுமே. ஒரு இஞ்ச் தடிப்புக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பார்கள்.

குமார் அண்ணன் கட்டார்: மேசையா செய்யப் போகிறோம் மாமா? கொட்டகைக்குப் பச்சையே போதும். காய்ந்தால் அந்தக் கருப்பந்தைலத்தில் ஆணி இறங்காது. மிஞ்சுகிற பலகையைக் குச்சி வைத்து அடுக்கி, நுனிக்குப் பழைய பெயின்ட் பூசுங்க

மாலை 4:50
சின்ன மாமா: 📷 படம்
சின்ன மாமா: முதல் பலகை.

பிரியா அக்கா: மாமா இது பலகையா கடலலையா

சின்ன மாமா: ஏணி கொஞ்சம் ஆடிவிட்டது. இரண்டாவது பரவாயில்லை.

குமார் அண்ணன் கட்டார்: ஏணியா?! நேரான பலகை என்று சொன்னேனே

சின்ன மாமா: நேரான பலகை இருந்தால் நான் ஏன் அறுக்கிறேன்

அம்மா: 😂😂

சின்ன மாமா: நடுவில் சிவப்பாக இருக்கு அக்கா. அறுக்கும்போது தைலம் தேய்த்தது போல வாசம். தாத்தா நெஞ்சுக்குப் பூசினது மாதிரி.

அம்மா: 🎤 குரல் செய்தி 0:47

நான்: அம்மா அழுகிறார். நாளைக்குப் பேசுவோம்.

இரவு 7:30
பெரிய மாமா: கிராம சேவகருக்கான கடிதத்தை எழுதிவிட்டேன். பலா விஷயம் திதிக்குப் பிறகு கூடிப் பேசி முடிவெடுப்போம். மில்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

சின்ன மாமா: சொன்னேன். 75 ஆக்கிவிட்டார்

குமார் அண்ணன் கட்டார்: பாத்தீங்களா

செல்வி சித்தி: உளுந்து 5 கிலோ போதுமா? 60 பேர் என்றால் பற்றாது

சந்திரா அத்தை: தகரத்தை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இல்லை. ஏழு.

பெரிய மாமா: 2009இல் வாங்கியது ஒன்பது. துண்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு எங்கே?

சின்ன மாமா: எனக்குத் தெரியாது

குமார் அண்ணன் கட்டார்: சமையல் பக்கத்துக்கு ஒன்று குறையுதே

பிரியா அக்கா: செல்வி சித்தி அனுப்பிய கோழிக்கூடு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் 👀

செல்வி சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது