மின்னியதெல்லாம் ஒட்டலா?

நானோபாடியை (ஒட்டகக் குடும்ப ஆன்டிபாடியின் குட்டித் துண்டு) ஈ.கோலை பாக்டீரியா மேல் ஏற்றி, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு மின்னுகிறது என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என் சொதப்பலை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதைக் கொட்டுங்கள்.

இன்டிமின் புரதத்தின் முன்பகுதி வெளிச்சவ்வில் செருகி நிற்கும். அதன் வாலில் நானோபாடியைச் சேர்த்துவிட்டால் அது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புரதத்தைத் தனியாகச் சுத்திகரிக்கிற வேலையே கிடையாது. நானோபாடி பிடிக்க வேண்டிய ஆன்டிஜனில் பயோட்டின் ஏற்றிக் கலந்து, கழுவி, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின்-பிஇ (பிஇ என்பது மின்னும் சாயம்) போட்டு ஓட்டினால் முடிந்தது.

முதல் ஓட்டத்திலேயே அட்டகாசமான சிக்னல். உடனே கைடுக்குப் படம் அனுப்பினேன். அதைப் பார்த்த சீனியர் அக்கா, "செத்த செல்லுக்குச் சாயம் போட்டியாடா?" என்றார். போடவில்லை. வழக்கமான புரோப்பிடியம் அயோடைடு போட்டால் பிஇ நிறத்தோடு குழம்பும் என்று, செத்த செல்லைக் காட்டும் இன்னொரு சாயமான டோ-ப்ரோ-3 கொடுத்தார். பார்த்தால், மின்னியதில் பெரும்பாலானவை பிணங்கள்! ஆன்டிஜனே போடாத டியூபும் அதே மாதிரி மின்னியது. (அந்த டியூபை முதல் நாளே வைத்திருக்க வேண்டும், தெரியும், திட்டாதீர்கள்.) ஈ.கோலைக்குள்ளேயே பயோட்டின் ஏறிய புரதம் ஒன்று உண்டு, கொழுப்பு அமிலம் தயாரிக்க உதவுவது. சவ்வு கிழிந்ததும் ஸ்ட்ரெப்டாவிடின் உள்ளே போய் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் என் பேராசைதான். புரத உற்பத்தியை முடுக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் கொடுத்து 37 டிகிரியில் இரவெல்லாம் குலுக்கினால் சவ்வு எப்படித் தாங்கும்? இப்போது 0.05 மில்லிமோலார், 30 டிகிரி, மூன்று மணி நேரம். சிக்னல் சின்னதுதான், ஆனால் ஆன்டிஜன் இல்லாத டியூப் இருட்டாக இருக்கிறது.

---

எனக்கு செல் எல்லாம் உயிரோடுதான் இருந்தது, கணக்குதான் செத்துப்போனது. ஒட்டும் வலிமை நானோமோலார் அளவில் வர வேண்டிய ஜோடி, ஒவ்வொரு முறையும் பல மடங்கு பலவீனமாகக் காட்டியது. ஒரு நாள் பேனா எடுத்து உட்கார்ந்தேன். 100 மைக்ரோலிட்டரில் 1 நானோமோலார் என்றால் சுமார் 6,000 கோடி மூலக்கூறு. நான் போட்டது ஒரு கோடி செல். செல்லுக்குப் பத்தாயிரம் நானோபாடி என்று வைத்தாலே 10,000 கோடி. பத்தாயிரம் இலை போட்டுவிட்டு ஆறாயிரம் பேருக்குச் சோறு வடித்த கதை. இப்போது 2 லட்சம் செல், 1 மில்லிலிட்டர். சுழற்றினால் அடியில் படியும் செல் பெல்லட் கண்ணுக்கே தெரியாது, கழுவும்போது பாதி போய்விடும், பிப்பெட்டை டியூபின் எதிர்ச்சுவரில் சாய்த்து உறிஞ்சப் பழகிக்கொண்டேன்.

---

நீங்கள் இருவரும் கொடுத்துவைத்தவர்கள், உங்கள் புரதம் வெளியேயாவது வந்தது. நான் ஏற்றப் பார்த்தது நானோபாடியைவிடப் பெரிய ஒரு நொதி, உள்ளே நாலைந்து டைசல்ஃபைடு பிணைப்பு (மடிந்த புரதத்தை இறுக்கிப் பிடிக்கும் கந்தகப் பிணைப்பு). புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் பளிச்சென்று வந்ததும் மேலே ஏறிவிட்டது என்றே நம்பிவிட்டேன். ஒட்டல் மட்டும் வரவே இல்லை. ஆன்டிஜன் கெட்டுவிட்டதோ என்று புதிதாக வேறு வாங்க வைத்தேன். கடைசியில் ஒருவர் சொல்லி, முழு செல்லோடு, புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டினேஸ் கே போட்டேன். வெளியே இருப்பதை அது மேய்ந்துவிடும், உள்ளே இருப்பதைத் தொட முடியாது. என் பேண்ட் அசையாமல் அப்படியே நின்றது. இரண்டு சவ்வுக்கும் நடுவிலேயே மடிந்து சிக்கிக்கொண்டதற்குத்தான் எட்டு வாரம் பஃபர் ஊற்றிக் கழுவியிருக்கிறேன்.