ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறாமல் திரும்பினோம்

சேலத்து மருமகள்: மாமியார், பிள்ளைகளோடு போனோம். பென்னாகரம் வரை ஒரே கும்மாளம், அங்கே போய்ப் பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் பாய்கிறது, பரிசலும் இல்லை, குளிக்கவும் தடை. சின்னவன் ஒரே அழுகை. இதை முன்னாடியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

காவிரிக்கரை: உண்டு. இங்கே மழையே பெய்ய வேண்டாம், கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் உபரி நீர் திறந்தாலே வெள்ளம் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் கிளம்புவதற்கு முன் எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பாருங்கள்.

ஊர்சுற்றி: தடை என்றால் நாங்கள் முதலைப் பண்ணையைக் காட்டி, மீன் வறுவலோடு கட்டுச்சோற்றை முடித்துவிட்டு மேட்டூருக்கு வண்டியை விடுவோம். அணையின் உபரி நீரை வெளியேற்றும் 16 கண் மதகு திறந்திருந்தால் பரிசலை யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம், மாமியார் என்ன சொன்னார்?

சேலத்து மருமகள்: "ஏற்காடு போகலாம்னு அப்பவே சொன்னேன்."