பேஸ்பாலுக்கு ‘முறைவரிசை’: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பேஸ்பாலில் ஒன்பது பேர் அடுத்தடுத்து மட்டை பிடிக்க வரும் ஒழுங்குக்கு, கிரிக்கெட்டில் வழங்கும் ‘மட்டையாட்ட வரிசை’யே போதும் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கிரிக்கெட்டில் அணித்தலைவர் ஆட்டத்தின் போக்கைப் பார்த்து, ஆறாவதாக வர வேண்டியவரை நான்காவதாகவே இறக்கிவிடலாம். பேஸ்பாலில் அந்த உரிமை கிடையாது. ஆட்டம் தொடங்குமுன் ஒன்பது பெயர்களையும் எழுதிய அட்டை தலைமை நடுவர் கைக்குப் போய்விட்டால், அந்த ஒழுங்கு இறுதிவரை மாறாது. ஓர் இன்னிங்ஸ் ஆறாமவரோடு முடிந்தால் அடுத்தது ஏழாமவரோடு தொடங்கும். ஒன்பதாமவருக்குப் பின் மீண்டும் முதலாமவர் வருவார். முறை தவறி ஒருவர் ஆடிவிட்டதை எதிரணி உரிய நேரத்தில் சுட்டிக்காட்டினால், வந்திருக்க வேண்டியவர் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்படுவார்.

ஆகவே சுழற்சி, கட்டுப்பாடு ஆகிய இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும் என்பதால் ‘முறைவரிசை’யைப் பரிந்துரைக்கிறேன். “இப்போது உன் முறை” என்பதிலும், காவிரிப் படுகையின் ‘முறைப்பாசனம்’ என்பதிலும் அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ‘அடிவரிசை’ என்றும் சொல்லலாம், அது சுருக்கமானதுதான், ஆனால் அதையொட்டி ‘அடியாளர்’ என்று ஆக்க நேர்ந்தால், படிப்பவர் மனத்தில் அடியாள் வந்து நிற்பான். மட்டையாளர் என்பதையே வைத்துக்கொள்வோம்.

முறைவரிசையை வகுக்கும் உத்தியை விளக்கும்போதும் இச்சொல் கைகொடுக்கிறது. வரிசையில் ஓரிடம் கீழே இறங்கினால், 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் மட்டை பிடிக்கும் வாய்ப்புகள் ஏறத்தாழ 18 குறையும். அதனால்தான் சிறந்த மட்டையாளரை மூன்றாம், நான்காம் இடங்களுக்கென ஒதுக்கி வைக்கும் பழைய வழக்கம் தளர்ந்து, இரண்டாம் இடத்திலேயே அவரை இறக்குவது பரவியிருக்கிறது. முதலிடத்துக்கு வேகமான கால்களைவிட, ஆட்டமிழக்காமல் தளத்தை (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய இடங்களில் ஒன்றை) அடையும் திறனே முக்கியம் என்பது இன்றைய எண்ணம். 1406 தளங்களைத் திருடிய (அதாவது, சக மட்டையாளரின் அடியை எதிர்பாராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்த) ரிக்கி ஹெண்டர்சனிடம் இரண்டும் இருந்தன. அத்தகைய ஓட்டவேகம் இல்லாத கைல் ஷ்வார்பரை பிலடெல்பியா அணி முதலிடத்தில் ஆடவிட்டது. 2024இல் அவர் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தே 15 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி எடுக்கும் ஓட்டங்கள்) அடித்துச் சாதனை படைத்தார்.

சுழற்சியைக் கணக்கில் கொண்ட உத்திக்கு, எனக்குத் தெரிந்தவரை, அணி மேலாளர் டோனி லா ரூசா 1998இல் செய்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. அணியிலேயே மட்டைத்திறன் குறைந்த பந்துவீச்சாளரைக் கடைசியில் போடும் வழக்கத்தை மீறி, செயின்ட் லூயிஸ் அணியில் அவரை எட்டாம் இடத்துக்கு ஏற்றினார். இரண்டாம் சுற்று முதல் ஒன்பதாமவர் இன்னொரு தொடக்க மட்டையாளராகிவிடுவதால், மூன்றாமவரான மார்க் மெக்வயர் வரும்போது தளங்களில் ஆள் இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது அவர் கணக்கு. வெறும் ‘வரிசை’ என்றால் ஒன்பது என்பது கடைக்கோடி. முறைவரிசையில் அது ஒன்றுக்கு முந்தைய இடம்.

ஆங்கிலத்தில் ‘cleanup hitter’ எனப்படும் நான்காமவருக்கு, அதன் நேர்பெயர்ப்பாகச் சொல்லப்பட்ட ‘துப்புரவாளர்’ பொருந்தாது. அவர் எதையும் துடைப்பதில்லை. தளங்களில் காத்திருப்பவர்களை ஓட்டமெடுக்க வைத்து வீடு சேர்க்கிறார். ‘கரைசேர்ப்பவர்’ எனலாம். 1929இல் நியூயார்க் யாங்கீஸ் அணி முறைவரிசை இடத்தையே சட்டை எண்ணாகக் கொடுத்தபோது, மூன்றாமவரான பேப் ரூத்துக்கு 3உம், கரைசேர்ப்பவரான லூ கெரிக்குக்கு 4உம் கிடைத்தன. இப்படி வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் சொல் இடறவில்லை.

பந்துவீச்சாளருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிப்பவருக்கு இன்னும் சொல் அமையவில்லை. அமெரிக்காவின் இரு பெரும் லீக்குகளுள் அமெரிக்கன் லீக்கில் 1973 முதலும், நேஷனல் லீக்கில் 2022 முதல் நிலையாகவும் அவருக்கு இடமுண்டு. ‘மாற்று மட்டையாளர்’ என்றால் ஆட்டத்தின் நடுவே இறக்கப்படுபவரோடு குழம்பும். ‘பதிலி மட்டையாளர்’ சரியாக வருமா என்று உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.