தார்தஞான்: பரம்பரைப் பிரபுவா, வியாபாரி வம்சமா?

ஓலைச்சுவடி: 'மூன்று மஸ்கெட்டியர்கள்' நாவல் நாயகனுக்கு மூலமான 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் படைவீரரைப் பற்றி, "தார்தஞான் பரம்பரைப் பிரபு, பெயரே சாட்சி" என்று நேற்று கோட்டைவாசி எழுதியதைப் படித்ததில் ராத்திரித் தூக்கம் போயிற்று. அது அவருடைய அப்பா வீட்டுப் பெயரே இல்லை ஐயா. அப்பா பெர்த்ரான் த பாட்ஸ். அம்மா பிரான்சுவாஸ் த மோந்தெஸ்கியூ. ஆர்தஞான் (முன்னால் 'த' சேர்ந்தால் தார்தஞான்) என்பது அம்மா வழி. பாரிசுக்குப் பிழைக்கப் போன பையன், அரண்மனையில் எது எடுபடுமோ அதை எடுத்துக்கொண்டார்.

கோட்டைவாசி: அம்மா வீடு வீடு இல்லையா? மோந்தெஸ்கியூ தென்மேற்கு பிரான்சின் கஸ்கோனிப் பகுதியில் பழைய குடும்பம். தார்தஞான் பிறந்ததே காஸ்தெல்மோர் கோட்டையில். கோட்டையில் பிறந்தவர் பிரபு இல்லாமல் பால்காரரா?

ஓலைச்சுவடி: கோட்டையாம் கோட்டை! 16ஆம் நூற்றாண்டில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் அவருடைய அப்பா வழி மூதாதை அர்னோ த பாட்ஸ், லூப்பியாக் ஊர் வியாபாரி. வீட்டோடு கௌரவமும் வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடியும் சொல்கிறேன், பெயர் அம்மா வழி.

மழைக்காகம்: முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். டார்டாக்னன்.

ஓலைச்சுவடி: அதில் 'க்' வராது. பிரெஞ்சில் g, n இரண்டும் சேர்ந்தால் 'ஞ'. மூன்று வருடம் பிரெஞ்சு படித்தவன் சொல்கிறேன். போன மாதம் பிரெஞ்சுத் தளபதி தூரேன் விஷயத்திலும் நீங்கள்தான் குட்டையைக் குழப்பினீர்கள்.

மழைக்காகம்: தூரேன் கத்தோலிக்கராக மாறியது 1668இல் என்றேன். சரியாகத்தான் இருந்தது. மன்னிப்புதான் வரவில்லை.

நடுவுலவந்தவன்: தார்தஞானின் இரண்டு மகன்களுக்கும் லூயி என்றே பெயராமே? கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஓலைச்சுவடி: கூப்பிட அப்பா வீட்டில் இருந்தால்தானே! 1659இல் ஆன்-ஷார்லோத் த ஷான்லெசி என்ற வசதியான விதவையைக் கட்டினார். கல்யாண ஒப்பந்தத்தில் மன்னர் 14ஆம் லூயியின் கையெழுத்தே இருக்கிறது. 1660, 1661இல் பிள்ளைகள். 1661 செப்டம்பரில் நாந்த் நகரில் நிதி மந்திரி ஃபூக்கேயைக் கைது செய்தார். அப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் அந்த ஆளுக்குக் காவல். பிஞெரோல் கோட்டைவரை கொண்டுபோய் அடைத்துவிட்டுத்தான் திரும்பினார். அது 1665. அதே வருடம் மனைவி பிரிந்துவிட்டார்.

கோட்டைவாசி: வியாபாரி வம்சத்துக் கல்யாணத்தில் மன்னர் கையெழுத்துப் போடுவாரா? 1672இல் லீல் நகர ஆளுநர். 1673 ஜூன் 25, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில் தொண்டையில் குண்டு பாய்ந்து செத்தார். அந்தக் குண்டும் அம்மா வழியா?

ஓலைச்சுவடி: வீரத்தை யார் மறுத்தது? உழைத்து மேலே வந்தவரைத் தங்கத் தொட்டிலில் போடாதீர்கள் என்கிறேன். லீலில் ஆளுநராக அவர் நல்ல பெயர் வாங்கவில்லை, அது வேறு கதை. பெயர் அம்மா வழி.

மழைக்காகம்: லீல் இல்லை, லில்.

ஓலைச்சுவடி: லீல்.

கோட்டைவாசி: அந்த வழியில் பிரான்சின் மார்ஷலே (படையின் உச்சப் பதவி) வந்திருக்கிறார், பியேர் த மோந்தெஸ்கியூ, 1709. அவரும் ஆர்தஞான்தான். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஓலைச்சுவடி: "அந்த வழியில்" என்றால் எந்த வழி? வாயைத் திறந்து சொல்லுங்களேன்.

கோட்டைவாசி: உங்களோடு பேசுவதே வீண். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மழைக்காகம்: தூரேன் மன்னிப்பு?