பள்ளக்காணி வீடுகள்: சபை விதியை மாற்றுகிறதாம், என்ன எழுதிக் கொடுக்கலாம்?

கொட்டியாரத்தான்:
எங்கள் பிரதேச சபை, வெள்ளம் வருகிற இடங்களில் கட்டிட அனுமதி கொடுக்கும் விதிகளைத் திருத்தப் போகிறதாம். விரும்பினவர்கள் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை, அதுதான் இங்கே வந்தேன்.

மூதூர்ப் பக்கம் 20 பேர்ச் காணி. வாப்பா 2012 இல் வீடு கட்டும்போது ரோட்டு மட்டத்திலிருந்து இரண்டடி உயரம் வேண்டும் என்று சொன்னார்கள், மனுசன் இரண்டரை அடி போட்டுத்தான் கட்டினார். அதற்குப் பிறகு ரோட்டுக்கு இரண்டு தடவை கிரவல் போட்டு, மேலே கார்பெட்டும் போட்டாயிற்று, இப்போது ரோடும் எங்கள் விறாந்தையும் ஒரே மட்டம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மாவிலாறு அணைக்கட்டும் உடைந்தபோது தண்ணீர் யன்னல் விளிம்பு வரை வந்தது. மண்ணிறக் கோடு ஒன்று சுவரில் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, அது பெரிய வெள்ளம். இப்போது பிரச்சினை வேறு. பக்கத்துக் காணிக்காரர் டிப்பர் டிப்பராக மண் கொட்டி மூன்றடி உயர்த்திவிட்டார். இரண்டு நாள் மழைக்கே தண்ணீர் எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. கேட்டால் "என் காணி, என் மண்" என்கிறார். பள்ளத்தில் இனி யாருக்கும் அனுமதி கொடுக்காதே என்று எழுதுவதா, உயரத்தைக் கூட்டு என்று எழுதுவதா?

ஓய்வுபெற்ற ரீ.ஓ.:
தம்பி, இரண்டையும் எழுதாதீர்கள். முதலில் அந்த "ரோட்டு மட்டம்" என்ற சொல்லை வெட்டச் சொல்லுங்கள். ரீ.ஓ. வேலையில், அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தராக, நான் பார்த்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் கெட்டது. ரோடு வளரும், வீடு வளராது. உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் மட்டக் குறிக்கல் எங்காவது பக்கத்தில் இருக்கும், அதிலிருந்து லெவல் இழுத்துவரலாம். அந்தக் கணக்கில், கடைசிப் பெரிய வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேல் இத்தனை அடியில் தரை இருக்க வேண்டும் என்று விதி சொல்ல வேண்டும்.

அடுத்தது மண். உங்கள் பக்கத்துக் காணியும் 20 பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். 5,445 சதுர அடி, மூன்றடி உயரம், ஏறக்குறைய 163 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் டிப்பரில் 54 லோட். அத்தனை லோட் தண்ணீர் முன்பு அந்தக் காணியில் படுத்திருந்தது, இப்போது உங்கள் கிணற்றடிக்கு வந்து படுக்கிறது. ஒருவர் செய்தால் இவ்வளவு, ஒரு ஒழுங்கை முழுக்கச் செய்தால் நினைத்துப் பாருங்கள். அதனால் உயர்த்துவதானால் தூண் வைத்து உயர்த்து, மண் போட்டு உயர்த்தாதே என்று எழுதுங்கள். தூணுக்குக் கீழே பிறகு கல் கட்டி மூடிக் கடை போடக் கூடாது என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிளான்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் எடுத்த அடுத்த மாதமே மூடிவிடுவார்கள், நான் எத்தனை கண்டேன்!

சட்டப்படி: சபை வீட்டு பிளான் பார்ப்பது 1915 ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதி என்றால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் 2021 இல் வந்த ஒழுங்குவிதிகளும் வரும். சபை சொந்தமாக உபவிதி செய்ய 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் சபையில் கை உயர்த்தினால் மட்டும் போதாது. மேலே அங்கீகாரம் கிடைத்து வர்த்தமானியில் வர வேண்டும். கிழக்கில் 2017 க்குப் பிறகு மாகாண சபை இல்லை, கோப்பு ஆளுநர் பக்கம்தான் போகும். ஆகவே பொறுமை வேண்டும்.

அப்புறம் ஒன்று, பக்கத்துக் காணி உறுதியில் வயல் என்று இருக்கிறதா? இருந்தால் "என் காணி, என் மண்" எடுபடாது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. கமநல சேவை நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

வயற்காரன் (தம்பலகாமம்):
ரீ.ஓ. ஐயா சொன்னதோடு ஒன்று. எங்கள் பெரியவர்கள் வில்லுக்குள் வீடு கட்டவில்லை. மாரியில் ஆறு வந்து தங்கிப்போகும் இடம் அது, தண்ணீர் இறங்கினால் மாடு மேயும், அவ்வளவுதான். இப்போது கோடையில் வந்து காணி பார்க்கிறார்கள், காய்ந்து வெட்டையாகக் கிடக்கும், புரோக்கர் "இங்கே வெள்ளமே வராது" என்பான். காணியைத் துண்டு போட்டு விற்கும்போதே பிளானில் வெள்ளக் கோட்டைக் கீறிக் காட்டு என்று விதி வர வேண்டும். வீடு கட்டப் போகும்போது சொல்லி என்ன பயன், காசு போய்விட்டதே.

வெருகல்கரை:
எல்லாரும் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் தூண் வைத்துக் கட்ட எவ்வளவு செலவு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இரண்டறை வீட்டையே வீட்டுத்திட்டக் காசில் முடிக்க முடியாமல் கூரை வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டாதே என்று ஒரு கோடு போட்டார்கள், ஞாபகம் இருக்கா? தெற்கிலும் மேற்கிலும் 100, எங்களுக்கு 200. மீனவன் கடலை விட்டு எங்கே போவான்? சனம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் கிடந்தது, பிறகு அந்தக் கோட்டைத் தளர்த்த வேண்டிவந்தது. விதி எழுதினால் மேட்டில் மாற்றுக் காணி எங்கே என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வசதியானவன் ஆளைப் பிடித்து அனுமதி எடுப்பான், ஏழை அனுமதி இல்லாமல் கட்டுவான், இரண்டு பேரும் பள்ளத்தில்தான் இருப்பார்கள்.

ஸ்கார்பரோ மாமா:
நானும் திருக்கோணமலைதான், இங்கே கனடாவுக்கு வந்து முப்பது வருடம். வெருகல்கரை சொல்வது சரி, அதனால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 1954 அக்டோபரில் ஹேசல் புயல் ரொறன்ரோவை அடித்தது. ஒன்டாரியோவில் 81 பேர் போனார்கள், அதில் ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர். அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் கட்டாதே என்று தடுத்ததோடு நிற்கவில்லை, பள்ளத்தில் இருந்த காணிகளை அரசே காசு கொடுத்து வாங்கியது. அந்தத் தெரு இருந்த இடம் இன்றைக்குப் பூங்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம சனமும் போய்க் கோழி சுடும். இன்றும் அந்த ஆற்றுப் பள்ளங்களில் மண் கொட்டுவதற்குக்கூடத் தனி அனுமதி வேண்டும். நம் ஊரில் அவ்வளவு காசு கிடையாது, தெரியும். தடுக்கிறவன்தான் வழியும் காட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கொட்டியாரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ரோட்டு மட்டத்தை எடு, மண் நிரப்பாதே, துண்டு போடும்போதே வெள்ளக் கோடு, ஏற்கனவே இருக்கிறவர்களுக்கு மாற்றுக் காணி. இந்த நாலையும் ஒரு பக்கத்துக்குள் எழுதப் போகிறேன். வெருகல்கரை, உங்கள் பந்தியை அப்படியே எடுக்கலாமா?

ரீ.ஓ. ஐயா, மலசலகூடக் குழி பற்றி ஏதும் எழுதவா? டித்வாவுக்குப் பிறகு எங்கள் கிணற்றை மூன்று தடவை இறைத்தும் மணம் போகவில்லை.

ஓய்வுபெற்ற ரீ.ஓ.:
கட்டாயம் எழுதுங்கள், நான் மறந்துவிட்டேன். குழியின் மூடியும் வெள்ளக் கோட்டுக்கு மேலே வர வேண்டும், பிளக் பொயின்டும் அப்படித்தான். ஞாயிறு காலை உயரம் அளக்கும் டம்பி லெவல் கருவியைக் கொண்டுவருகிறேன், பழையது, ஆனாலும் வேலை செய்யும். உங்கள் சுவர்க் கோடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று பார்த்து அந்த எண்ணையே கடிதத்தில் போடுங்கள். எண் இருந்தால் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். அதுவரை சுவரில் கை வைக்காதீர்கள்.

கொட்டியாரத்தான்:
நாளைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருந்தேன். இப்பவே அழைத்து நிறுத்துகிறேன். உம்மாவுக்கு மட்டும் நீங்கள்தான் வந்து விளக்க வேண்டும், நோன்புப் பெருநாளைக்கு முன்னால் அந்தக் கோடு மறைய வேண்டும் என்று நிற்கிறார்.

ஓய்வுபெற்ற ரீ.ஓ.:
தேத்தண்ணி வைத்தால் விளக்கலாம்.