பேக்லாஷுக்குத் தமிழ் என்ன? தூண்டில் ரீல் கலைச்சொற்கள்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பெயிட்காஸ்டிங் ரீலின் (வீசும்போது நூல் சுற்றிய ஸ்பூலே சுழலும் தூண்டில் ரீல்) பிரேக்கைச் சரிசெய்யும் முறை பற்றித் தமிழில் ஒரு பயன்பாட்டுக் குறிப்பு எழுதி வருகிறேன். ஐந்து சொற்களில் வண்டி நிற்கிறது. இப்போதைக்கு வைத்திருப்பவை:

ஸ்பூல்: உருளை
பேக்லாஷ்: பின்னடிப்பு
பிரேக்: நிறுத்தி
டென்ஷன் திருகு: இழுவிசைத் திருகு
டிராக்: இழுவை

தவறிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மடல் 2

> பேக்லாஷ்: பின்னடிப்பு

இது வேண்டாம் ஐயா. ரீலுக்குள் எதுவும் பின்னால் அடிப்பதில்லை. போதாக்குறைக்குப் பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள ஆட்டத்தையும் பொறியாளர்கள் பேக்லாஷ் என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போனால் குழப்பம்தான்.

நடப்பது இது. போலி இரை பறக்கும்போது நூலை இழுத்து ஸ்பூலைச் சுழற்றுகிறது. காற்று இரையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஸ்பூலோ எடுத்த வேகத்திலேயே ஓடும். இரை கேட்பதைவிட அதிக நூல் கழன்று, மேலேயே பொங்கி, அடுத்தடுத்த சுற்றுகளுக்குள் மாட்டிச் சிக்காகும். ஆகவே இங்கே இரண்டு சொல் தேவை. ஸ்பூல் இரையை முந்திச் சுழல்வது ‘முந்துசுழற்சி’. அதன் விளைவு ‘நூற்சிக்கு’. பிரித்தால்தான் “முந்துசுழற்சி தொடங்கும்போதே பெருவிரலால் தொடுக” என்று எழுத முடியும். நூற்சிக்கு தொடங்கியபின் விரல் வைத்து என்ன பயன்?

> பிரேக்: நிறுத்தி

இது நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துகிறது. ‘தடை’ போதும். (பொருளுக்கு மிகவும் பொருந்துவது ‘வேகத்தடை’. அதை நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்டுவிட்டது.)

> டென்ஷன் திருகு: இழுவிசைத் திருகு
> டிராக்: இழுவை

இவைதான் ஆபத்தானவை. இந்த இரண்டு பெயரையும் படிப்பவர், மீன் இழுக்கும்போது எதைத் திருகுவார்? டென்ஷன் திருகுக்கும் நூலின் இழுவிசைக்கும் தொடர்பே இல்லை. கைப்பிடிப் பக்கம் இருக்கும் அந்தச் சிறிய மூடி, ஸ்பூல் அச்சின் முனையை அழுத்துகிறது, அவ்வளவே. ‘அச்சழுத்தி’ என்றால் தவறவே முடியாது. டிராக் என்பது கைப்பிடிக்கு அடியில் இருக்கும் நட்சத்திரச் சக்கரம். மீன் இழுத்தால் எவ்வளவு பிடித்துவைத்து நூல் விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. அதற்கு ‘இழுபிடி’. வீச்சின்போது ஸ்பூல் பற்சக்கரத்திலிருந்து விடுபட்டிருப்பதால் இழுபிடிக்கு அங்கே வேலையே இல்லை.

மடல் 3

முந்துசுழற்சி நல்ல சொல். தடையில் மையவிலக்கு, காந்தம் என இரண்டு வகை. முதல் வகையின் பெயர் பற்றி ஒன்று: தமிழ்நாட்டில் மையவிலக்கு விசை, இலங்கைப் பாடநூல்களில் மையநீக்க விசை. இரண்டையும் தரலாமா?

ஸ்பூலுக்கு ‘உருளை’ எனக்கு ஒட்டவில்லை. அது கணக்குப் பாடத்து வடிவம். நெசவு நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சிக்கு நெசவாளர் சொல்லும் ‘தார்’ இருக்கிறதே?

மடல் 4

தார் அழகான சொல்தான், ஆனால் இந்த ரீலுக்கு அல்ல. நாடாவுக்குள் இருக்கும் தார் சுழல்வதில்லை. நூல் அதன் முனை வழியாக வழுக்கிக் கழல்கிறது. ஸ்பின்னிங் ரீல் வேலை செய்வது அப்படித்தான். 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இங்கிலாந்தின் துணி ஆலைத் தொழிலைச் சேர்ந்தவர். ஆகவே தாரை ஸ்பின்னிங் ரீலுக்கு வைத்துக்கொள்வோம். ஸ்பூல் சுழலாத அந்த ரீலில் முந்துசுழற்சியும் கிடையாது. நம் ரீலில் ஸ்பூலே சுழல்கிறது. சென்னையில் காத்தாடி விடுபவர்கள் ‘லொட்டாய்’ என்பார்கள். பொதுவழக்குக்கு ‘கண்டு’ போதும்.

மையவிலக்கு, மையநீக்கம் இரண்டையும் முதல் இடத்தில் மட்டும் சேர்த்துத் தரலாம். அதைவிட முக்கியம், இரண்டு தடைகளும் வேலை செய்யும் நேரம். மையவிலக்குத் தடையில் கண்டோடு சுழலும் சிறு கட்டைகள் வெளியே விரிந்து வளையத்தில் உரசுகின்றன. வேகம் பாதியானால் உரசல் கால்வாசியாகிவிடும். அதனால் வீச்சின் தொடக்கத்தில் வலுவாகப் பிடித்து, பிறகு ஒதுங்கிக்கொள்ளும். காந்தத் தடையில் தொடுதலே இல்லை. அலுமினியக் கண்டில் எழும் சுழல் மின்னோட்டம் பிடிக்கிறது. வேகம் பாதியானால் பிடியும் ஏறத்தாழ பாதி. அதனால் வீச்சின் பின்பாதியிலும் அதன் கை தெரியும். கட்டைகளுக்குச் சைக்கிள் கடைக்காரர் சொல்லே இருக்கிறது: ‘பிரேக் கட்டை’. ‘தடைக்கட்டை’ என்று எழுதுங்கள்.

இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“கண்டின் விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே வரை நூல் சுற்றுக. 14 கிராம் இரையைக் கட்டுக. காந்தத் தடை 10 வரை இருந்தால் 8-இல் வைக்க; ஆறு தடைக்கட்டைகள் இருந்தால் எதிரெதிராக நான்கை இயக்குக. ஒரு பக்கம் மட்டும் இயக்கினால் கண்டு அதிரும். கோலைச் சற்று உயர்த்திப் பிடித்து, கண்டை விடுவிக்க. இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் கண்டு ஒரு சுற்றுக்குள் நிற்கும் வரை அச்சழுத்தியை இறுக்குக. முழு வலுவில் வீசாமல், இழுத்து எறிவதுபோல் சீராக வீசுக. நான்கைந்து வீச்சு சுத்தமாக வந்தபின் தடையை ஒரு படி குறைக்க. பெருவிரல் பழகியபின் அச்சழுத்தியைத் தளர்த்தி, கண்டின் பக்கவாட்டு ஆட்டம் மறையும் அளவில் மட்டும் நிறுத்துக. மற்றதைத் தடைகள் பார்த்துக்கொள்ளும்.”

இதில் ‘அச்சழுத்தி’ வந்த இடத்தில் ‘இழுவிசைத் திருகு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

மடல் 5

பத்தி தெளிவாக இருக்கிறது. கோளாறு கண்டறியும் பகுதியையும் சேர்த்தால், சொற்கள் தாங்குகின்றனவா என்று தெரிந்துவிடும்:

கிளம்பிய உடனே நூல் பொங்கினால் வீச்சில் வெட்டு அதிகம். ஒரு தடைக்கட்டை சோடியைக் கூட்டுக. பாதி வழியில் பொங்கினால் காந்தத் தடையை ஒரு படி ஏற்றுக. இரை நீரைத் தொடும்போது பொங்கினால் தடையைக் குறை சொல்லிப் பயனில்லை, பெருவிரல் வைக்கத் தாமதம். எதிர்காற்றிலும், எடை குறைந்த இரைக்கு மாறும்போதும் தடையை ஏற்றியே வீசுக. நேற்று வரை சரியாக இருந்த ரீல் திடீரென்று சிக்கினால் பக்கத்தட்டைத் திறந்து பார்க்க: தடைக்கட்டை உரசும் வளையத்தில் எண்ணெய் பட்டிருக்கும். தாங்கிகளுக்கு (பேரிங்) எண்ணெய் ஒரு சொட்டு, வளையத்துக்குச் சொட்டும் கூடாது.

நூற்சிக்கு விழுந்தால் கண்ணியைப் பிடித்து இழுக்க வேண்டாம். இழுபிடியை இறுக்கி, பெருவிரலால் கண்டை அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிறகு கண்டை விடுவித்து நூலை இழுத்தால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

எல்லாச் சொல்லும் தாங்குகின்றன. ‘கண்டு’ மட்டும் “கண்டு பிடி” என்று இரண்டு முறை கண்ணை ஏமாற்றியது.

மடல் 6

அனைவருக்கும் நன்றி. ‘கண்டு’ குழம்பும் இடங்களில் ‘நூற்கண்டு’ என்றே எழுதிவிடுகிறேன். முந்துசுழற்சி வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ போடவில்லை; ‘முந்துச்சுழற்சி’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். மையவிலக்குத் தடைக்கு ‘த்’ உண்டு. இழுபிடிக்கு வேறு சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.